ஜம்போ சிலிண்டர்ல இருந்து லிக்விட் ஆக்ஸிஜனுக்கு மாறப் போறீங்களா? லிட்டர், கிலோ, க்யூபிக் மீட்டர் கணக்கு இதுதான்

20ல இருந்து 60 பெட் வரைக்கும் இருக்குற சின்ன ஆஸ்பத்திரிகள்ல பர்ச்சேஸோ மெயின்டனன்ஸோ பாக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். ஜம்போ சிலிண்டரை ராத்திரி பகலா மாத்தி மாத்தி ஆளுங்க அலுத்துப்போய், லிக்விடுக்கு மாறிடலாம்னு மேனேஜ்மென்ட் முடிவு பண்ணி, அந்த வேலை மொத்தமும் உங்க தலையில விழுந்திருக்கும், எங்க இடத்துல என் தலையில விழுந்துச்சு. இதுல பெரிய தலைவலி டேங்கோ பைப்லைனோ இல்லைங்க, கணக்குதான். ஒரு கம்பெனிக்காரர் லிட்டர்ல பேசுவார், இன்னொருத்தர் கிலோவுல, மூணாவது ஆள் க்யூபிக் மீட்டர்ல, டாக்டர் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு சொல்வார், ஸ்டாஃப் நர்ஸ் எத்தனை சிலிண்டர் இருக்குன்னு கேப்பாங்க. இந்த அஞ்சையும் நீங்களே ஒரே கணக்குக்கு கொண்டுவர கத்துக்காம எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க.

1. நாலு நம்பரை எழுதி செவுத்துல ஒட்டுங்க

திரவ ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரியில கொதிக்கும். அந்த நிலையில ஒரு லிட்டர் திரவம் 1.141 கிலோ எடை. அது முழுசா ஆவியாகி ரூம் சூட்டுக்கு வந்துச்சுன்னா சுமார் 860 லிட்டர் கேஸ். இது எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவை நீங்களே கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, அப்புறம் யாரு சொல்றதையும் நம்பி இருக்க வேண்டாம். 1141 கிராமை ஆக்ஸிஜனோட மூலக்கூறு எடை 32ஆல வகுத்தா 35.66 மோல். ஒரு மோல் கேஸ் 20 டிகிரியில, சாதாரண காத்தழுத்தத்துல, 24.06 லிட்டர் இடம் பிடிக்கும். ரெண்டையும் பெருக்கினா 858. அதைத்தான் எல்லாரும் 860னு சொல்றாங்க.

செவுத்துல ஒட்ட வேண்டியது:

- 1 லிட்டர் திரவம் = 0.86 க்யூபிக் மீட்டர் கேஸ்
- 1 கிலோ திரவம் = 0.75 க்யூபிக் மீட்டர் கேஸ்
- 1 ஜம்போ சிலிண்டர் = 7 க்யூபிக் மீட்டர் = சுமார் 9.3 கிலோ = சுமார் 8 லிட்டர் திரவம்
- 1 டன் திரவம் = சுமார் 750 க்யூபிக் மீட்டர் = சுமார் 107 ஜம்போ

ரெண்டு பேர் சேர்ந்து உருட்டிக்கிட்டு வர்ற ஒரு ஜம்போவுல இருக்குற ஆக்ஸிஜன் மொத்தமும் திரவமா இருந்தா ஒரு பிளாஸ்டிக் குடத்துல பாதி அளவுதான். லிக்விடுக்கு மாறுறதுல இருக்குற லாபம் முழுக்க இதுலதான் இருக்கு, ஆபத்தும் இதுலயேதான் இருக்கு, அதுக்கு அப்புறமா வர்றேன். 2021 மே மாசம் நியூஸ்ல தினமும் டன் கணக்கு சொன்னாங்களே, அப்ப இந்த 107ங்கற நம்பர் தெரிஞ்சிருந்தா எத்தனையோ பேருக்கு நிலைமை சட்டுனு புரிஞ்சிருக்கும்.

இங்க ஒரு பொறி இருக்கு. கேஸோட அளவு டெம்பரேச்சரைப் பொறுத்து மாறும். அதே ஒரு லிட்டர் திரவம் 0 டிகிரி கணக்குல சுமார் 800 லிட்டர் கேஸ், 15 டிகிரி கணக்குல சுமார் 843, 27 டிகிரி கணக்குல சுமார் 878. கேஸ் கூடவும் இல்ல குறையவும் இல்ல, அளக்குற அளவுகோல்தான் மாறுது. ஆனா பில் க்யூபிக் மீட்டர்ல வந்தா இந்த வித்தியாசம் உங்க பணத்துல தெரியும். 4ஆவது படியில இதை கணக்கு போட்டே காட்டுறேன்.

2. உங்க ஆஸ்பத்திரி உண்மையில எவ்வளவு செலவு பண்ணுதுன்னு கண்டுபிடிங்க

கம்பெனிக்காரங்க வந்ததும் முதல் கேள்வி மாச உபயோகம் எவ்வளவுன்னுதான். சிலிண்டர் ரிஜிஸ்டரை எடுத்து மாசத்துக்கு 200 ஜம்போ, அப்ப 1400 க்யூபிக் மீட்டர்னு சொல்லிடாதீங்க. ஜம்போவோட தண்ணி கொள்ளளவு 46.7 லிட்டர், 150 பார் பிரஷர்ல நிரப்பினா 46.7 × 150 = 7000 லிட்டர், சரிதான். ஆனா கேஜ்ல 150 இருந்தாதான் அந்த 7. 130தான் காட்டுதுன்னா 6.07தான். அதே மாதிரி மேனிஃபோல்டு (ரெண்டு பக்கமும் சிலிண்டர்களை சேர்த்து ஒரே லைனுக்கு விடுற அமைப்பு) 10 பார்ல அடுத்த பக்கத்துக்கு மாறிடுதுன்னா ஒவ்வொரு சிலிண்டர்லயும் அரை க்யூபிக் மீட்டர் கிட்ட மிச்சத்தோடயே திரும்பிப் போகுது. ஒரு வாரம் வர்றப்ப ஒரு ரீடிங், போறப்ப ஒரு ரீடிங்னு எழுதி வையுங்க. உண்மையான உபயோகம் ரிஜிஸ்டர் கணக்கைவிட குறைவாத்தான் வரும்.

இன்னொரு வழி பேஷண்ட் பக்கத்துல இருந்து கணக்கு பண்றது. நிமிஷத்துக்கு 5 லிட்டர்ல மாஸ்க் போட்ட ஒரு பேஷண்ட் 24 மணி நேரத்துக்கு 5 × 60 × 24 = 7200 லிட்டர், அதாவது ஒரு ஜம்போவுக்கு கொஞ்சம் மேல. ஹை ஃப்ளோ மிஷின் நிமிஷத்துக்கு 60 லிட்டர்னு செட் பண்ணியிருந்தா 60 லிட்டரும் ஆக்ஸிஜன்னு நினைச்சுடாதீங்க, அது காத்தும் ஆக்ஸிஜனும் கலந்தது. ஆக்ஸிஜன் 60 சதவீதம்னு வச்சிருந்தா பைப்லைன்ல இருந்து இழுக்குறது சுமார் 30 லிட்டர்தான், 100 சதவீதம்னா முழு 60. அதனால ஐசியுவுல ஃப்ளோவை மட்டும் கேட்டு எழுதாம சதவீதத்தையும் சேர்த்துக் கேளுங்க.

இதை நேரா திரவத்துக்கு மாத்த ஒரு குறுக்குவழி இருக்கு, நான் தினமும் இதைத்தான் பயன்படுத்துறேன். மொத்த ஆஸ்பத்திரியும் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் இழுக்குதோ அதை 1.67ஆல பெருக்குங்க, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் திரவம் வேணும்னு வந்துடும். வார்டுல 10 பேர் சராசரி 3 லிட்டர்ல, கூட ஒரு ஹை ஃப்ளோ 30 லிட்டர்னு வச்சா மொத்தம் 60. 60 × 1.67 = 100 லிட்டர் திரவம். அதையே ஜம்போவுல சொன்னா ஒரு நாளைக்கு பன்னிரண்டு.

சராசரியை மட்டும் எடுக்காதீங்க, உச்சத்தையும் எடுங்க. எவ்வளவு பெரிய பாத்திரம் வேணும்னு சராசரி சொல்லும், எவ்வளவு பெரிய வேப்பரைசர் (திரவத்தை வெளிக்காத்து சூட்டுல கேஸ் ஆக்குற கருவி) வேணும்னு உச்சம்தான் சொல்லும்.

3. டூரா சிலிண்டரா, டேங்கா?

டூரான்னு எல்லாரும் சொல்றது ஆள் உயரத்துக்கு கிட்ட இருக்குற, உள்ளுக்குள்ள வேக்குவம் ஜாக்கெட் போட்ட ஸ்டீல் சிலிண்டர். பொதுவா 180, 200 லிட்டர் சைஸ்ல வரும். 180 லிட்டர் திரவம்னா 155 க்யூபிக் மீட்டர், 22 ஜம்போவுக்கு சமம். மேல சொன்ன 100 லிட்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரு டூரா ரெண்டு நாளைக்கு கொஞ்சம் குறைவா வரும்.

டூராவுல ரெண்டு விஷயத்தை யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேக்கணும்.

ஒண்ணு, அது எவ்வளவு வேகமா கேஸ் கொடுக்கும்ங்கறது. உள்ள 155 க்யூபிக் மீட்டர் இருக்குன்னா கேக்குற வேகத்துல கொடுக்கும்னு அர்த்தம் இல்ல. திரவம் ஆவியாக சூடு வேணும், அந்த சூடு டூராவோட உள் சுருளுக்கு வெளிக்காத்துல இருந்துதான் வரணும். இந்த சைஸ் டூராவுக்கு மணிக்கு 9, 10 க்யூபிக் மீட்டர்தான் தாங்கும், அதாவது நிமிஷத்துக்கு சுமார் 150 லிட்டர். அதுக்கு மேல இழுத்தா என்ன ஆகும்னு கண்ணாலயே பாக்கலாம். முதல்ல சிலிண்டர் தோள்பட்டையில வெள்ளையா பனி படியும், அது கொஞ்சம் கொஞ்சமா வால்வுக்கு ஏறும், அப்புறம் ரெகுலேட்டர் பாடி முழுக்க வெளுத்துப்போகும், அந்த நேரத்துக்கு பிரஷர் முள் இறங்க ஆரம்பிச்சிருக்கும். பனி ரெகுலேட்டர் வரைக்கும் வந்துட்டா குளிர்ந்த கேஸ், சில சமயம் திரவமே, லைனுக்குள்ள போற அபாயம் இருக்கு. ரெண்டு டூராவை மேனிஃபோல்டுல சேர்த்துப் போடணும், இல்லன்னா வெளியில தனியா ஒரு வேப்பரைசர் வைக்கணும். கொட்டேஷன்ல தொடர்ச்சியா மணிக்கு எத்தனை க்யூபிக் மீட்டர்னு எழுதி வாங்குங்க. "தொடர்ச்சியா"ங்கற வார்த்தை முக்கியம், அரை மணி நேரத்துக்கு எந்த டூராவும் அதிகமாத்தான் கொடுக்கும்.

ரெண்டாவது, சும்மா வச்சிருந்தாலே ஆவியாகிப் போற நஷ்டம். எவ்வளவு நல்ல இன்சுலேஷனா இருந்தாலும் சூடு உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும், டூராவுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை சதவீதம் ரெண்டு சதவீதம்னு வச்சுக்கோங்க. 180 லிட்டருக்கு 3 லிட்டர் திரவம், அதாவது 2.6 க்யூபிக் மீட்டர். இதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஏன்னா ஓடிக்கிட்டு இருக்குற டூராவுல எக்கனாமைசர்னு ஒண்ணு இருக்கு, அது மேல தானா சேர்ந்த கேஸைத்தான் முதல்ல லைனுக்கு விடும். நாளைக்கு 2.6க்கு மேல செலவு பண்ற ஆஸ்பத்திரிக்கு ஓடுற டூராவுல நஷ்டமே கிட்டத்தட்ட கிடையாது. நஷ்டம் வர்றது ரிசர்வ்னு ஓரமா நிறுத்தி வச்சிருக்குற டூராவுல. பத்து நாள் தொடாம இருந்தா 30 லிட்டர் சேஃப்டி வால்வ் வழியா காத்துல போயிருக்கும், சுமார் 4 ஜம்போ. அதனால ரெண்டு டூரா இருந்தா மாத்தி மாத்தி ஓட்டுங்க, ஒண்ணையே ரிசர்வா வைக்காதீங்க. நாளைக்கு ரெண்டு ஜம்போகூட செலவு ஆகாத இடம்னா, என் கருத்து, ஜம்போவுலயே இருங்க. சிலிண்டர்ல அடைச்ச கேஸ் எத்தனை மாசம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

டேங்குல இந்த ஆவி நஷ்டம் சதவீதத்துல ரொம்ப குறைவு, பாத்திரம் பெருசாக ஆக அதுக்குத் தக்க மேற்பரப்பு குறையுது இல்லையா. ஆனா டேங்குன்னா பேப்பர் வேலை வேற லெவல், அது 5ஆவது படி.

4. கொட்டேஷனை எப்படி படிக்கணும்

மூணு கொட்டேஷன் வருதுன்னு வைங்க, நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான். முதல் ஆள் லிட்டர் 18 ரூபா, ரெண்டாவது ஆள் கிலோ 16 ரூபா, மூணாவது ஆள் க்யூபிக் மீட்டர் 20 ரூபா. பாத்தா கிலோ 16தான் மலிவு மாதிரி தெரியும். ஒரு டன்னுக்கு மாத்துங்க:

- லிட்டர் 18: ஒரு டன் 876 லிட்டர், ரூ. 15,775 கிட்ட
- கிலோ 16: ரூ. 16,000
- க்யூபிக் மீட்டர் 20: 20 டிகிரி கணக்குல 750 க்யூபிக் மீட்டர், ரூ. 15,000 கிட்ட

சின்ன நம்பர் சொன்னவர்தான் இங்க அதிக விலை. அதே மூணாவது ஆள்கிட்ட எந்த டெம்பரேச்சர் கணக்குன்னு கேளுங்க. 0 டிகிரி கணக்குன்னா ஒரு டன் 700 க்யூபிக் மீட்டர், ரூ. 14,000. 27 டிகிரி கணக்குன்னா 770, ரூ. 15,400. ஒரே கேஸ், ஒரே ரேட்டு, டன்னுக்கு 1,400 ரூபா வித்தியாசம். கொட்டேஷன்ல அந்த ஒரு வரி இல்லன்னா திருப்பி அனுப்பி போட்டு வாங்குங்க, நல்ல கம்பெனின்னா அன்னைக்கே போட்டுத் தருவாங்க.

அரசு விலைன்னு யாராவது சொன்னா அதுவும் எந்த அளவுல, எந்த இடத்துலன்னு பாருங்க. 2020 செப்டம்பர்ல தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு போட்டப்போ, தயாரிப்பாளர்கிட்ட திரவ மருத்துவ ஆக்ஸிஜன் க்யூபிக் மீட்டருக்கு ரூ. 15.22, சிலிண்டர்ல அடைச்சுக் கொடுக்குறவங்க கிட்ட ரூ. 25.71னு வச்சாங்க, ஜிஎஸ்டி தனி. இப்போதைய ரேட்டுக்கு நீங்க தனியா கேக்கணும், நான் இதை சொல்றது சிலிண்டர்ல அடைக்குற செலவு எவ்வளவு ஏறுதுன்னு காட்டத்தான். தயாரிப்பாளர் விலைங்கறது ஃபேக்டரி வாசல் விலை, உங்க வாசலுக்கு வர்ற விலை இல்ல.

கேஸ் ரேட்டுக்கு வெளியில ஒளிஞ்சிருக்குற செலவு இதெல்லாம், ஒவ்வொண்ணா கேட்டு எழுதி வாங்குங்க: லாரி வாடகை ஒரு டிரிப்புக்கா கிலோமீட்டருக்கா, டூராவுக்கு நாள் வாடகையும் டெபாசிட்டும், டேங்குன்னா மாச வாடகை, மாசத்துக்கு இவ்வளவு எடுத்தே ஆகணும்ங்கற குறைந்தபட்ச அளவு, எடுக்காம விட்டா எவ்வளவு கட்டணும், வேப்பரைசர் யாரோட சொத்து, வருஷாந்திர டெஸ்ட் செலவு யாருது, ராத்திரி அவசரமா கூப்பிட்டா எக்ஸ்ட்ரா உண்டா. குறைந்தபட்ச அளவுதான் சின்ன ஆஸ்பத்திரியை மாட்டிவிடுறது. நீங்க ரிஜிஸ்டரைப் பார்த்து 1400 க்யூபிக் மீட்டர்னு சொல்லி, அவங்க அதையே குறைந்தபட்சமா போட்டு, உண்மையான உபயோகம் 1250 இருந்தா மாசாமாசம் எடுக்காத கேஸுக்கு காசு போகும். 2ஆவது படியை ஒழுங்கா செய்யச் சொன்னது இதுக்குத்தான்.

5. பேப்பர், அனுமதி, எவ்வளவு நாள் ஆகும்

எல்லை 1000 லிட்டர். தண்ணி கொள்ளளவு 1000 லிட்டர் வரைக்கும் இருக்குற பாத்திரம் எல்லாம் 2016 கேஸ் சிலிண்டர் விதிகளுக்குள்ள வரும், டூரா அதுலதான். 1000 லிட்டரைத் தாண்டினா 2016 நிலையான மற்றும் நடமாடும் அழுத்தக் கலன் விதிகள், எல்லாரும் எஸ்எம்பிவி ரூல்ஸ்னு சொல்வாங்க. ரெண்டுக்கும் பெசோதான் (மத்திய அரசோட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அதிகாரி, தலைமை ஆபீஸ் நாக்பூர்ல, நமக்கு சென்னை ஆபீஸ். விண்ணப்பம் ஆன்லைன்ல.

டூராவுக்கு நீங்க கையில வாங்கி ஃபைல் பண்ண வேண்டியது: சப்ளையரோட மருந்து தயாரிப்பு லைசென்ஸ் காப்பி (மருத்துவ ஆக்ஸிஜன் சட்டப்படி மருந்து, இண்டஸ்ட்ரியல் ஆக்ஸிஜன் லைசென்ஸ் காட்டினா வேண்டாம்னுடுங்க), அவங்க ஃபில்லிங் லைசென்ஸ், ஒவ்வொரு டூராவோட டெஸ்ட் சர்டிபிகேட்டும் சீரியல் நம்பரோட, சேஃப்டி வால்வ் டெஸ்ட் தேதி, ஒவ்வொரு லோடுக்கும் பேட்ச் சர்டிபிகேட், நிகர எடை போட்ட சலான். சர்டிபிகேட்ல இருக்குற சீரியல் நம்பரும் டூரா தகட்டுல இருக்குற நம்பரும் ஒண்ணான்னு வர்ற அன்னைக்கே டார்ச் அடிச்சுப் பாருங்க.

டேங்குக்கு வரிசை மாறக்கூடாது. முதல்ல சைட் பிளான் போட்டு பெசோ அனுமதி, அப்புறம்தான் அஸ்திவாரம், அப்புறம் டேங்க் இறக்குறது, டெஸ்ட், தகுதி பெற்ற நிபுணரோட பாதுகாப்பு சான்றிதழ், கடைசியா லைசென்ஸ். அனுமதிக்கு முன்னாடி காங்கிரீட் போட்டுட்டு பாதுகாப்பு தூரம் பத்தலன்னு இடிக்க வேண்டி வந்தா அது உங்க செலவு. பக்கத்து காம்பவுண்ட், ஜெனரேட்டர் டீசல் டேங்க், டிரான்ஸ்ஃபார்மர், ஈபி லைன் எல்லாம் பிளான்ல சரியா குறிச்சிருக்கான்னு நீங்களே டேப் வச்சு அளந்துடுங்க. டேங்க் கம்பெனியோடதா இருந்தாலும் லைசென்ஸ் யார் பேர்ல, புதுப்பிக்கிறது யார் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதணும். இது மாசக்கணக்குல ஆகுற வேலை. அதுக்குள்ள டூராவுல ஓட்டிக்கலாம், ஜம்போ கனெக்ஷனை மட்டும் கழட்டிடாதீங்க.

6. இடம்: 860 மடங்கு ஏன் ஆபத்து

பேஸ்மென்ட், மாடிப்படி அடியில, மூடின ஸ்டோர் ரூம் எதுவும் கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க. 3 மீட்டர் நீளம், 3 அகலம், 3 உயரம்னா 27 க்யூபிக் மீட்டர் ரூம். அதுல 10 லிட்டர் திரவம் சிந்தினா 8.6 க்யூபிக் மீட்டர் ஆக்ஸிஜன் வந்து அந்த அளவு காத்தை வெளிய தள்ளும், ரூம்ல ஆக்ஸிஜன் 21 சதவீதத்துல இருந்து 45ஐத் தாண்டிடும். 23.5 சதவீதத்துக்கு மேலயே ஆபத்துன்னு கணக்கு. அந்த மாதிரி காத்துல சட்டை, தலைமுடி, லுங்கி எல்லாம் ஒரு பொறி பட்டா போதும், அணைக்க முடியாத வேகத்துல எரியும். குளிர்ந்த ஆக்ஸிஜன் கனமானது, தரையோட ஊர்ந்து போய் ட்ரெயினேஜ்ல, கேபிள் ட்ரெஞ்சுல இறங்கி நிக்கும். சிந்தின இடத்துல நின்னவங்க வெளிய வந்து குறைஞ்சது அரை மணி நேரம் நெருப்பு, பீடி சிகரெட் பக்கமே போகக்கூடாது, துணியில ஊறின ஆக்ஸிஜன் உடனே போகாது.

தரை காங்கிரீட்டா இருக்கணும். தார் ரோடு மேல டூரா நிறுத்தக்கூடாது, லாரி ஹோஸ் மாட்டுற இடமும் தார் கூடாது, திரவ ஆக்ஸிஜன் ஊறின தார் அடி பட்டாலே வெடிக்கும். கிரீஸ், எண்ணெய் தொட்ட கையால வால்வைத் தொடாதீங்க, ஸ்பேனரும் இதுக்குன்னு தனியா வையுங்க.

அப்புறம், ரெண்டு வால்வுக்கு நடுவுல திரவம் மாட்டிக்கிறது. லைன்ல ரெண்டு பக்கமும் வால்வை மூடிட்டு நடுவுல திரவம் நின்னுச்சுன்னா அது சூடாகி விரிய இடம் இல்லாம பிரஷர் நூத்துக்கணக்கான பாருக்குப் போகும், பைப் வெடிக்கும். அதனால திரவம் போற லைன்ல எந்த ரெண்டு வால்வுக்கு நடுவுலயும் ஒரு சேஃப்டி வால்வ் இருந்தே ஆகணும். பொருத்தின அன்னைக்கு லைனை கையால தொடர்ந்துக்கிட்டே போய் எண்ணிப் பாருங்க. டூரா அப்பப்ப ஸ்ஸ்னு சத்தம் விடுறது இயல்புதான், பயந்துபோய் யாராவது அந்த சேஃப்டி வால்வை அடைச்சுடாம வாட்ச்மேன் வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லி வையுங்க.

7. லோடு வர்ற அன்னைக்கு எடை போடுங்க

எங்களுக்கு வந்த ஒரு டூராவுல கேஜ் முள் ஃபுல் காட்டுச்சு, சலான்ல 180 லிட்டர்னு இருந்துச்சு. பிளாட்பார எடை மிஷின்ல ஏத்தி, தகட்டுல அடிச்சிருக்குற காலி எடையைக் கழிச்சா 171 கிலோதான் வந்துச்சு. 180ஐ 1.141ஆல பெருக்கினா 205 கிலோ வந்திருக்கணும். சப்ளையர் ஆளு சொன்ன காரணம், நாங்க ஏமாத்தல சார், பாத்திரம் நிறைஞ்சுதான் இருக்குன்னு. அவர் சொன்னது தப்பும் இல்ல. 1.141ங்கறது சாதாரண அழுத்தத்துல மைனஸ் 183ல இருக்குற திரவத்துக்கு. 10 பார் பிரஷர்ல சூடேறி நிக்குற திரவம் லேசா விரிஞ்சுடும், அடர்த்தி லிட்டருக்கு ஒரு கிலோவுக்கும் கீழ இறங்கிடும். 180 லிட்டர் பாத்திரம் நிறைஞ்சிருந்தும் கேஸ் கணக்குல 155க்கு பதிலா 128 க்யூபிக் மீட்டர்தான். 27 குறைவு, சுமார் நாலு ஜம்போ.

பேஷண்டுக்குப் போறது லிட்டர் இல்ல, கேஸ். கேஸை நிர்ணயிக்கிறது எடை. சூடு, பிரஷர், அளவுகோல் எது மாறினாலும் கிலோ மாறாது. அதனால ஒப்பந்தத்துலயே பில் நிகர எடை கிலோவுலன்னு போடச் சொல்லுங்க. டூராவுக்கு உங்க இடத்துலயே எடை மிஷின், 500 கிலோ தாங்குறது ஒண்ணு வாங்கிடுங்க, அந்த செலவு சீக்கிரமே திரும்பி வந்துடும். டேங்குக்கு லாரி வர்றதுக்கு முன்னாடியும் இறக்கின பிறகும் வெய்பிரிட்ஜ் சீட்டு. ஒரே லாரி வழியில வேற ஆஸ்பத்திரிக்கும் இறக்கிட்டு வருதுன்னா உங்களுக்கு மட்டும் தனியா முன்னும் பின்னும் சீட்டு கேளுங்க. டேங்கோட லெவல் கேஜையும் இறக்குறதுக்கு முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்து, கூடவே வர்ற சார்ட்டுல கிலோவா மாத்தி, சீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க.

முதல் தடவை ஃபில் பண்ற டூராவோ டேங்கோ உள்ள சூடா இருக்கும், அதை குளிர வைக்கவே கொஞ்சம் திரவம் ஆவியாகிப் போகும், முதல் லோடுல குறை வந்தா அதுக்காக சண்டை போட வேண்டாம். ரெண்டாவது லோடுல இருந்து கணக்கு ஒழுங்கா வரணும்.

8. தினசரி ரிஜிஸ்டர், எப்போ ஆர்டர் போடுறது

காலையில ஒரே நேரத்துக்கு எடை, பிரஷர், வேப்பரைசர் பனி எந்த ஃபின் (குழாயைச் சுத்தி இருக்குற தகடு) வரைக்கும் இருக்குன்னு எழுதுங்க. மிச்சம் எத்தனை மணி நேரம்ங்கறது லேசான கணக்குதான்: மிச்சக் கிலோவை 750ஆல பெருக்கி லிட்டர் கேஸ் ஆக்குங்க, இப்போ ஓடுற நிமிஷ ஃப்ளோவால வகுங்க, 60ஆல வகுங்க. 80 கிலோ மிச்சம், நிமிஷத்துக்கு 60 லிட்டர் ஓடுதுன்னா 60,000 ÷ 60 ÷ 60, பதினாறரை மணி நேரம். ஐசியுவுல இன்னொரு ஹை ஃப்ளோ 60 லிட்டர் 100 சதவீதத்துல போட்டாங்கன்னா அதுவே எட்டு மணி நேரம் ஆகிடும். அதனால இதை தினம் ஒரு தடவை மட்டும் பாக்காம பெரிய பேஷண்ட் அட்மிட் ஆகுறப்பல்லாம் பாக்கணும், ஐசியு சிஸ்டர் உங்களுக்கு ஒரு போன் போடுற பழக்கம் வேணும். லோடு வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதோ அதைப்போல ரெண்டு மடங்கு மிச்சம் இருக்கறப்பவே ஆர்டர் போடுங்க. தீபாவளி, பொங்கல், புயல் அலர்ட்னா அதுக்கும் முன்னாடியே.

அடைமழை நாள்ல வேப்பரைசர் ஃபின்ல பனி வேகமா தடிக்கும், காத்து நடுவுல போகாது, கேஸ் குளிர்ந்து வரும். ரெண்டு வேப்பரைசர் வச்சு மாத்தி ஓட்டுறதுதான் நிரந்தர வழி. ஒண்ணுதான் இருக்குன்னா பச்சைத் தண்ணி ஊத்திக் கரைங்க. சுத்தியல், கம்பின்னு எதையும் எடுக்காதீங்க, நெருப்பு வேண்டவே வேண்டாம்.

ஜம்போ ரிசர்வ் பேங்க் தானா மாறுதான்னு மாசத்துக்கு ஒரு தடவை லிக்விட் பக்கத்தை மூடிப் பாருங்க, ஐசியுவுக்கு முன்கூட்டியே சொல்லிட்டு.

9. இதே கணக்கு வேற எதுக்கெல்லாம்

லிட்டர் எடையை கிராம்ல போட்டு, மூலக்கூறு எடையால வகுத்து, 24ஆல பெருக்குங்க, எந்த திரவத்துக்கும் வந்துடும். திரவ நைட்ரஜன் லிட்டர் 807 கிராம், மூலக்கூறு எடை 28, சுமார் 690 லிட்டர் கேஸ். ஐவிஎஃப் சென்டர், ஸ்கின் ஓபி வச்சிருக்குறவங்க கவனிங்க, இது எரியாது, ஆனா மூடின ரூம்ல ஆக்ஸிஜனை வெளிய தள்ளிடும், வாசனையே இல்லாம ஆள் மயங்கி விழுவாங்க. மேல சொன்ன அதே 27 க்யூபிக் மீட்டர் ரூம்ல 10 லிட்டர் சிந்தினா ஆக்ஸிஜன் 16 சதவீதத்துக்கு வந்துடும், 19.5க்கு கீழயே உள்ள போகக்கூடாது.

ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கத்துக்குக் கொடுக்குற செவோஃப்ளுரேன் ஒரு மில்லி திரவம் சுமார் 182 மில்லி ஆவி. எத்தனை மில்லி செலவுன்னு தெரிய மிஷின்ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஃப்ரெஷ் கேஸ் (புதுசா வர்ற கேஸ்) போகுதோ அதையும் டயல் சதவீதத்தையும் பெருக்கி 3ஆல பெருக்குங்க: 2 லிட்டர், 2 சதவீதம்னா மணிக்கு 12 மில்லி, 250 மில்லி பாட்டில் இருபது மணி நேரம் கிட்ட வரும். ஸ்டோர் இண்டென்ட் அதுக்கு சம்பந்தமே இல்லாம போனா மயக்க மருந்து மிஷின்ல இருக்குற வேப்பரைசர் லீக்கான்னு பாக்கச் சொல்லலாம்.

நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டர் இன்னும் இருக்குற தியேட்டர்ல பிரஷர் கேஜைப் பார்த்து மிச்சம் கணக்கு போடாதீங்க. உள்ள இருக்குறது திரவம், ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்குற வரைக்கும் 20 டிகிரியில முள் 50 பார் கிட்டயே நிக்கும், திரவம் தீர்ந்ததுக்கு அப்புறம்தான் மடமடன்னு இறங்கும். அதுவும் எடைதான்: நிகர ஒரு கிலோவுக்கு சுமார் 545 லிட்டர் கேஸ். காலி எடை சிலிண்டர் கழுத்துல அடிச்சிருக்கும், பெயிண்ட் மூடியிருந்தா சுரண்டிப் பாக்காம சப்ளையர்கிட்ட அந்த நம்பரைக் கேட்டு சிலிண்டர்ல ஒரு டேக் கட்டி எழுதி வச்சுடுங்க.